மியூசிக் பிளேயரில் ஏன் ஜிபிஎஸ் இல்லை?

நேயர்களுக்கு வணக்கம்.

கரோல் பாக் கஃபார் மார்க்கெட்டிலும் நேரு பிளேஸிலும் மியூசிக் பிளேயர் தேடுகிற நம் தில்லித் தமிழர்களை இன்றும் பார்க்கலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடம் போனைக் கொடுக்க மனசில்லாத பெற்றோர், கச்சேரி கேட்டால் போதும் என்கிற பெரியவர்கள். கையில் வாங்கிப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "போன் மாதிரியே இருக்கு, ஜிபிஎஸ் ஏன் இல்ல, வைப்ரேஷன் ஏன் இல்ல?" கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடிக்கிறான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது பாதி உண்மைதான்.

முதலில் ஜிபிஎஸ், அதாவது செயற்கைக்கோள் சிக்னலை வைத்து நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிற வசதி. செயற்கைக்கோள், தான் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் அனுப்புகிறது. அது வந்து சேரவே அரை நிமிஷம் ஆகலாம். உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவே சிக்னல் அறுந்தால் இன்னும் இழுக்கும். போனில் இந்தத் தாமதம் தெரியாது. மொபைல் நெட்வொர்க் அந்த விவரத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. சிம் இல்லாத பிளேயருக்கு அந்த ஒத்தாசை இல்லை. தவிர, பல போன்களில் ஜிபிஎஸ், மொபைல் நெட்வொர்க்கோடு இணைக்கிற மோடத்தோடு சேர்ந்தே வருகிறது. மோடம் வைத்தால் அதற்குக் காப்புரிமைத் தொகை வேறு கட்டவேண்டும். அதனால் ஆப்பிள் கம்பெனியின் பிளேயரான ஐபாட் டச், அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்களை வைத்தே இடத்தைக் கணித்தது. மயூர் விஹார் வீட்டில் சரியாகச் சொல்லும். ரவுட்டர் இல்லாத யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் கையை விரித்துவிடும்.

நம் நாட்டில் சட்டமும் இதில் உண்டு. 2018 ஜனவரி 1 முதல் விற்கும் மொபைல் போன்களில் ஜிபிஎஸ் வசதி வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. ஆபத்தில் இருப்பவரின் இடம் தெரியவேண்டும் என்பதுதான் நோக்கம். அழைப்பே பேச முடியாத பிளேயருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

போனைக் காதில் வைத்ததும் திரையை அணைக்கிற சென்சாரும் இப்படித்தான். பிளேயரை யாரும் காதில் வைத்துப் பேசுவதில்லை, சரி, அது வேண்டாம்.

எடையைப் பாருங்கள். 2019இல் வந்த கடைசி ஐபாட் டச்சில் இருந்தது ஐபோன் 7இன் பிராசசர்தான். ஆனால் ஐபோன் 7இன் எடை 138 கிராம், இது 88 கிராம். பேட்டரியும் கிட்டத்தட்ட பாதி. அவ்வளவு மெல்லிய உடம்பில் ஒவ்வொரு பாகமும் இடத்துக்குச் சண்டை போடும்.

ஆனால் எல்லாக் குறைப்பையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஐபாட் டச்சை 2012இல் 6.1 மில்லிமீட்டருக்கு மெலிய வைத்தபோது, முந்தைய மாடல்களில் இருந்த ஒளி சென்சார் போய்விட்டது. சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையை நாமே செய்யவேண்டியதாயிற்று. மே மாத தில்லி வெயிலில், எதுவுமே தெரியாத திரையில் பிரகாசத்தைக் கூட்டும் கோட்டைத் தடவித் தேடுவது எவ்வளவு கஷ்டம்! அதைவிட வருத்தம் வைப்ரேஷன் இல்லாதது. ஒரு குட்டி மோட்டார், அதன் அச்சில் ஒருபக்கமாய்க் கனத்த துண்டு. அது சுற்றினால் அதிர்வு. அவ்வளவுதான் பொருள். பாடப்புத்தகங்களை ஒலியாகக் கேட்டுப் படிக்கிற பார்வையற்ற மாணவருக்கு, பொத்தான் அழுந்தியதா என்று விரலுக்குச் சொல்வது அந்த அதிர்வு. அழைப்பு வராத கருவிக்கு அது எதற்கு என்று ஒதுக்கியவர்கள் இவர்களை நினைக்கவேயில்லை.

போன்கள் கைவிட்டதைப் பிளேயர்கள் வைத்திருப்பதும் உண்டு. ஹெட்போன் துளை இருக்கும். பலவற்றில் எஃப்எம்மும் இருக்கும், ஹெட்போன் ஒயர்தான் அதற்கு ஏரியல். போன்களில் எஃப்எம் மறைந்துகொண்டே போவதைப் பார்த்து, அதை முடக்காதீர்கள் என்று மத்திய அரசே 2023இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நின்று மட்டும் பார்க்காதீர்கள். வாசலுக்கு வந்து வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டை நிறுத்தவும் மாற்றவும் பொத்தான்கள் விரலுக்குத் தட்டுப்படுகின்றனவா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள். நன்றி, வணக்கம்.