குளிரில் வியர்க்கிறதா? ஹார்மோன் சிகிச்சை உடம்பில் என்ன செய்கிறது

வணக்கம் அக்காமாரே, தங்கச்சிமாரே. தலவாக்கலையில் மழை இறங்கப் பார்க்கிறது, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளை பெரியவளானால் லயமே கூடிச் சடங்கு செய்கிறோம். அதே மாதவிலக்கு ஐம்பதை ஒட்டி நிற்கும்போது மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நுவரெலியாக் குளிரில் நடுராத்திரி வியர்த்து எழுந்தால், "காற்றுப் பட்டிருக்கும்" என்று திருநீறு போட்டுவிடுகிறார்கள். போடட்டும், அதில் தவறில்லை. ஆனால் காரணம் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவது. மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் பகுதி அதனால் சின்ன மாற்றத்துக்கும் பதறுகிறது. இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்ட வைக்கிறது.

ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. சில வாரங்களில் வியர்வை தணியும், தூக்கம் திரும்பும், பிறப்புறுப்பின் வறட்சியும் எரிச்சலும் குறையும். எலும்பு கரைவதும் மட்டுப்படும். சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களைப் பார்த்த நமக்கு இது சின்ன விஷயமா? மருந்தை நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பும் மெல்லப் போய்விடும். தொடக்கத்தில் மார்பு கனக்கலாம், வயிறு உப்பலாம், இடையிடையே இரத்தம் படலாம்.

கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரஜனை மட்டும் எடுக்கக்கூடாது. உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். அதனால்தான் கூடவே, உட்சுவர் தடிக்காமல் காக்கும் இன்னொரு ஹார்மோனான புரொஜெஸ்டஜன் தருகிறார்கள்.

2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று இந்தக் கூட்டு மருந்தால் மார்பகப் புற்றுநோய் கூடுவதாகச் சொன்னதும் உலகமே பயந்தது. அந்தக் கூடுதல், வருடத்துக்கு 10,000 பெண்களில் சுமார் 8 பேர். பங்கேற்றவர்களின் சராசரி வயதோ 63. அறுபதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணின் கணக்கு வேறு. பயத்தை மட்டும் பரப்பி இந்தக் கணக்கை விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் கோபம்.

மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரஜன் கல்லீரல் வழியாகப் போவதால் இரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. தோலில் ஒட்டும் பட்டைக்கும் பூசும் ஜெல்லுக்கும், வழக்கமான அளவில், அந்தத் தொல்லை அப்படி இல்லை.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலில் இரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். அடுத்த வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழிந்தபின் திடீரென இரத்தம் பட்டால், மருந்து பற்றிய பேச்சுக்கு முன் அதைப் பரிசோதிக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.