மந்திரத்துக்கும் விதி உண்டு

நேயர்களுக்கு என் வணக்கம்.

நகைச்சுவை, மாயக் கற்பனை, துப்பறிதல் ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய நாவல்களில் அறிவியலும் தொன்மமும் பெறும் இடத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இங்கிலாந்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து வலுப்பெற்று வந்திருக்கும் இந்த வகையைப் பலர் வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். கடவுளரையும் பேய்களையும் கதைக்குள் உலவவிட்டுக்கொண்டே வாசகரிடம் நேர்மையாக நடந்துகொள்வது எத்தனை கடினமான வேலை என்பதை உணர்ந்தவர்கள் அப்படித் தள்ளமாட்டார்கள்.

அந்தக் கடினம் துப்பறியும் கதையின் அடிப்படையிலேயே இருக்கிறது. கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதைகளை எழுதியவருமான ரொனால்டு நாக்ஸ், 1929இல் இவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகளுக்குக் கதையில் இடமே இல்லை என்பது அவற்றுள் ஒன்று. இந்தத் தடைக்குக் காரணம் அவருடைய மதமோ பகுத்தறிவோ அன்று. வாசகருக்கும் ஆசிரியருக்கும் இடையே எழுதப்படாமல் இருக்கும் ஓர் ஒப்பந்தம்தான். பேய் சுவரை ஊடுருவி வந்து கொன்றிருக்கலாம் என்றால், உட்புறம் தாழிட்ட அறைக்குள் ஒருவர் இறந்துகிடப்பதில் புதிர் என்று எதுவும் மிஞ்சாது. அப்படியிருக்க, பேயையும் வைத்துக்கொண்டு புதிரையும் காப்பாற்றுவது எப்படி?

பேய்க்கும் ஒரு விதியை வகுத்து, அந்த விதியை வாசகரின் கண்ணெதிரே வைத்துவிட்டு, பிறகு எக்காரணம் கொண்டும் அதை மீறாமல் இருப்பதே இதற்கு வழி என்று நான் கருதுகிறேன். இந்த நாவல்களில் சிறந்தவை எல்லாம் தொன்மத்தை அறிவியலுக்குரிய கண்டிப்புடன் நடத்துகின்றன. அவற்றில் நமக்குச் சிரிப்பு வருவதும் பெரும்பாலும் அந்தக் கண்டிப்பினால்தான்.

டக்ளஸ் ஆடம்ஸ் 1987இல் வெளியிட்ட ‘டர்க் ஜென்ட்லீஸ் ஹோலிஸ்டிக் டிடெக்டிவ் ஏஜென்சி’ என்னும் நாவலிலிருந்து ஒரே ஒரு சோபாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ரிச்சர்ட் மக்டஃப் என்னும் கணிப்பொறி வல்லுநரின் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் ஒரு சோபா சிக்கிக்கொண்டிருக்கிறது. அது மேலேயும் போவதில்லை, கீழேயும் வருவதில்லை. படிக்கட்டின் அளவுகளையும் சோபாவின் அளவுகளையும் கணிப்பொறிக்குக் கொடுத்து, எப்படியெல்லாம் திருப்பினால் அதை விடுவிக்கலாம் என்று அவர் கணக்கிடச் செய்கிறார். விடுவிக்கவே முடியாது என்று விடை வருகிறது. அதைவிட வியப்பு என்னவென்றால், அந்த இடத்துக்கு அது வந்து சேர்ந்திருக்கவும் முடியாது என்று அதே கணக்கு காட்டுகிறது.

இந்தக் கேள்விக்கு நெருங்கிய உறவுடைய ஒரு கேள்வி கணிதத்தில் உண்மையாகவே உண்டு. ஓர் அலகு அகலத்தில் செங்கோணமாகத் திரும்பும் நடைவழியில் நகர்த்திச் செல்லக்கூடிய வடிவங்களுள் மிகப் பெரிய பரப்புடையது எது என்று லியோ மோசர் 1966இல் கேட்டார். ஏறத்தாழ 2.2195 சதுர அலகுப் பரப்புள்ள ஒரு வடிவத்தை ஜோசப் கெர்வர் 1992இல் முன்வைத்தார். அதைவிடப் பெரியது இருக்க முடியாது என்பதற்கான நிறுவலை ஜினியோன் பேக் வெளியிட்டது 2024இல்தான். அறையிலும் படிக்கட்டிலும் நாம் அன்றாடம் படும் பாட்டுக்குள் இத்தனை ஆழமான கணிதம் ஒளிந்திருக்கிறது.

நாவலைப் படிப்பவர் இந்தச் சோபாவைக் கண்டு சிரிக்கிறார். சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். ஆனால் கணக்கு சரியென்றால், கொஞ்ச நேரத்துக்கேனும் அந்தப் படிக்கட்டில் இல்லாத ஒரு கதவு அங்கே திறந்திருக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள். அந்தக் கதவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கால எந்திரத்தில் போய் முடிகிறது. நகைச்சுவைக்குள் புதைத்து வைத்த தடயத்தை வாசகர் தடயம் என்றே எண்ணுவதில்லை. துப்பறியும் கதை எழுதுவோருக்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடைக்காது.

அதே நாவலில் கவிஞர் கோல்ரிட்ஜின் ‘குப்ளா கான்’ கவிதையும் ஒரு தடயமாகிறது. கனவில் முழுமையாகத் தோன்றிய கவிதையை எழுதிக்கொண்டிருந்தபோது போர்லாக் என்னும் ஊரிலிருந்து ஒருவர் வந்து குறுக்கிட்டதால் எஞ்சிய பகுதி மறந்துபோயிற்று என்று கோல்ரிட்ஜ் 1816இல் அதை வெளியிட்டபோது எழுதினார். நாவலின் தொடக்கத்தில் ஒரு விருந்தில் அந்தக் கவிதையை வாசிக்கிறார்கள். நம் உலகில் எழுதப்படாமலே போன இரண்டாம் பகுதியையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். கவிதையை அறிந்த வாசகருக்கு, இந்தக் கதை நடப்பது நம் உலகில் இல்லையோ என்ற ஐயம் அப்போதே எழுந்துவிடும். அறியாதவருக்கு அது வெறும் விருந்துக் காட்சியாகவே கடந்துபோகும். இங்கே ஆடம்ஸ் வாசகரிடம் கொஞ்சம் அதிகமாகவே எதிர்பார்த்துவிட்டார் என்பது என் எண்ணம். விதி கண்ணெதிரே இருந்தால் மட்டும் போதாது, அது கண்ணில் படவும் வேண்டும்.

எல்லாப் பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது, தொலைந்த பூனைகளைத் தேடித் தரும் வேலையையும் ஏற்கும் நாவலின் துப்பறிவாளர் டர்க் ஜென்ட்லியின் கொள்கை. தொலைவில் பிரிந்திருக்கும் துகள்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவைபோல் நடந்துகொள்வதே குவாண்டம் பிணைப்பு. அதைப் பற்றி இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் நிறுவிய தேற்றமும், 1982இல் பாரிசுக்கு அருகே அலன் ஆஸ்பெ குழுவினர் செய்த சோதனையும் அந்தக் கொள்கைக்குப் பின்புலமாக அமைந்த காலம் அது. பிணைந்த துகள்களைக் கொண்டு செய்தி அனுப்ப இயலாது என்பதால், தொலைந்த பூனையைத் தேட அந்த இயற்பியல் உதவாது. ஆயினும் எந்தச் சிறு செய்தியையும் தொடர்பற்றது என்று ஒதுக்காதே என்னும் அறிவுரை, துப்பறிபவருக்கும் வாசகருக்கும் ஒருங்கே பொருந்துகிறது.

1988இல் வந்த ‘தி லாங் டார்க் டீ-டைம் ஆஃப் தி சோல்’ தொன்மத்தின் பக்கம் திரும்புகிறது. ஒஸ்லோ செல்ல விரும்பும் தோர், கடவுச்சீட்டும் கடனட்டையும் இல்லாமல் ஹீத்ரோ விமான நிலையத்தின் பயணப் பதிவு முகப்பில் நிற்கிறார். இடியைக் கையில் வைத்திருக்கும் இந்த நார்ஸ் (வட ஐரோப்பியத் தொன்மத்துக்) கடவுளுக்கு, முகப்பில் இருக்கும் ஊழியர் எதைக் கேட்கிறார் என்பதே விளங்கவில்லை. தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறார். தொன்மத்தை வைத்துச் சிரிக்கவைக்க முயலும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் முதலில் உள்ள எள்ளலிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆடம்ஸ் பேதைமையைத் தேர்ந்துகொண்டதால், நமக்குத் தோர் மீது சிரிப்போடு இரக்கமும் பிறக்கிறது.

அந்த இரக்கத்துக்கு அடியில் இருப்பதும் ஒரு விதிதான். மனிதரின் தேவையும் நம்பிக்கையும் கடவுளரை உண்டாக்கின. ஆனால் அவர்கள் சாவற்றவர்கள். அப்படியானால் வழிபடுவோர் இல்லாமற்போன பிறகு அவர்கள் என்ன ஆவார்கள்? இருந்துகொண்டே இருக்கத்தான் வேண்டும். ஆகவே நார்ஸ் கடவுளரின் தலைவரான ஓடின் ஒரு தனியார் மருத்துவமனையில், தூய்மையான படுக்கை விரிப்புகளே பேரின்பம் என்று முதுமையைக் கழிக்கிறார். 1935இலேயே விடுதியாக இயங்குவதை நிறுத்திவிட்டிருந்த, லண்டன் செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையத்து மிட்லண்ட் கிராண்ட் கட்டடத்தின் வழியே அவருடைய மாளிகையான வல்ஹல்லாவுக்குப் பாதை செல்கிறது. ஒரே ஒரு முற்கோளிலிருந்து படிப்படியாக வந்த முடிவுகள் இவை. ஒரு கணிதவியலாளர் தேற்றத்திலிருந்து கிளைத்தேற்றத்துக்குப் போவதும் இப்படித்தான்.

டெர்ரி பிராட்செட்டின் ‘ஃபீட் ஆஃப் க்ளே’ நாவலை (1996) ஒரு சொல் சொல்லிவிட்டுக் கடக்கிறேன். யூத மரபின் களிமண் மனிதனான கோலமும், ஆர்செனிக் நஞ்சைத் தேடும் இரசவாதியும் அதில் ஒரே காவல் நிலையத்தின் விசாரணைக்குள் வருகிறார்கள். கோலம் தன் தலைக்குள் வைக்கப்பட்ட சொற்களுக்குக் கட்டுப்பட்டது என்ற விதியே அங்குத் தடயமும் ஆகிறது, மனவேதனையும் ஆகிறது.

பென் ஆரோனோவிச் 2011இல் தொடங்கிய ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ வரிசையிடம்தான் எனக்கு மிகுந்த பற்று. அதன் நாயகன் பீட்டர் கிராண்ட் லண்டன் மாநகரக் காவல்துறையின் இளங்காவலர். ஒரு கொலையைக் கண்ட சாட்சி பேயாக இருப்பதால் மந்திரம் பயிலும் நிலைக்கு வருகிறார். மந்திரம் செய்யும் இடத்துக்கு அருகே இயங்கிக்கொண்டிருக்கும் நுண்சில்லுகள் பொடியாகிவிடுகின்றன. அவருடைய ஆசான் அதைப் பொருட்படுத்தாதபோது, பீட்டர் சோதனை செய்து பார்க்கிறார். மின்னோட்டம் துண்டிக்கப்பட்டிருந்த கருவி தப்பிவிடுகிறது என்று கண்டு, தம் கைப்பேசிக்கு ஒரு துண்டிப்பு விசையைப் பொருத்திக்கொள்கிறார். எந்த மந்திரக் கதையிலும் எனக்கு இவ்வளவு நிறைவளித்த இடம் வேறில்லை. மந்திரத்தை வியப்பதோடு நிற்காமல் அதை அளக்கவும் துணிகிற மனம் அதில் தெரிகிறது.

தேம்ஸ் ஆற்றின் தெய்வங்களும் இந்த நூலில் வருகிறார்கள். ஆற்றின் மேற்பகுதியைத் தேம்ஸ் தந்தையும் கீழ்ப்பகுதியை நைஜீரியாவிலிருந்து வந்த தேம்ஸ் அன்னையும் ஆள்கிறார்கள். எல்லைக்கோடு டெடிங்டன் மதகு. கடலின் ஏற்றவற்றம் ஆற்றில் அந்த மதகு வரையில்தான் உணரப்படுகிறது என்பது புவியியல் உண்மை. கழிவு தேங்கி நகரமே நாறிய 1858ஆம் ஆண்டுக் கோடையில்தான் தந்தை லண்டனைக் கைவிட்டார் என்பது கதையின் கற்பனை. அந்த நாற்றமும், அதன் பின் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் கட்டிய கழிவுநீர்க் கால்வாய்களும் வரலாறு.

ஆரோனோவிச்சின் உலகில் மந்திரத்துக்கு இலக்கணம் வகுத்தவர் ஐசக் நியூட்டன். 1687இல் ‘பிரின்சிப்பியா’வை வெளியிட்ட அதே நியூட்டன் இரசவாதத்தைப் பற்றிக் கட்டுக்கட்டாக எழுதி வைத்திருந்தார். 1936இல் ஏலத்துக்கு வந்த அந்தத் தாள்களில் பலவற்றை வாங்கிப் படித்த பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ், அவரை மந்திரவாதிகளில் கடைசியானவர் என்று மதிப்பிட்டார். 1696 முதல் அரச நாணயச் சாலையில் பொறுப்பேற்ற நியூட்டன், கள்ள நாணயம் அடிப்போரைத் தேடிச் சாட்சிகளைத் தாமே விசாரித்தார். அவர்களுள் பேர்போன வில்லியம் சலோனர் 1699இல் தூக்கிலிடப்பட்டார். அறிவியலும் மந்திரமும் துப்பறிதலும் உண்மையாகவே கூடியிருந்த மனிதரை எடுத்துக்கொண்டதால், நாவலாசிரியர் பெரிதாக எதையும் இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.

இந்த வகைக்குப் புதியவர்கள் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ நூலிலிருந்து தொடங்கலாம். அடுத்துத் தோர் வரும் நாவலைப் படிக்கலாம். சோபா நாவலை மூன்றாவதாக வைத்துக்கொண்டு, அதற்கு முன் ‘குப்ளா கான்’ கவிதையை ஒருமுறை படித்துவிடுங்கள். அது 54 அடிகள்தான். விருந்துக் காட்சி வரும்போது எங்கே நிறுத்திக் கவனிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.