பல்லுயிர் வளத்தைத் தீர்மானிப்பது அழிவின் வேகமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

ஓர் இடத்தின் பல்லுயிர் வளத்தைத் தீர்மானிப்பது புதிய இனங்கள் தோன்றும் வேகமா, இருக்கும் இனங்கள் அழியும் வேகமா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியைத் தம் பக்கச் சாட்சியாக நிறுத்தினார். சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டு கிடந்த ஏரி அது. தண்ணீர் திரும்பிய பிறகு ஏறத்தாழ 500 வகை சிக்லிட் மீன்கள் அதில் உருவாகிவிட்டன. இவ்வளவு விரைவான இனத்தோற்றத்தை வேறெங்கே காட்ட முடியும் என்று கேட்டார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால், 1950களுக்கு முன்பே பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் அங்கிருந்து தொடர்கிறேன்.

1950களில் அந்த ஏரியில் நைல் பெர்ச் என்ற மீனை விட்டார்கள். நம் கடலோரக் கொடுவாவுக்கு நெருங்கிய உறவு அது. வளர்ந்தால் ஆள் உயரத்தையும் தாண்டும். மீன்வளத்தைப் பெருக்குவதுதான் நோக்கம். 1980களில் நைல் பெர்ச் ஏரியெங்கும் பெருகியது. தான்சானியாவின் முவான்சா வளைகுடாவில் சிக்லிட்களை ஆராய்ந்துகொண்டிருந்த நெதர்லாந்து விஞ்ஞானிகள், முன்பு வலையில் விழுந்த வகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதை நேரில் பார்த்தார்கள். முறையாகப் பெயர் சூட்டப்படுவதற்கு முன்பே மறைந்தவை பல. மொத்தத்தில் ஏறத்தாழ 200 வகைகள் போய்விட்டன என்பது மதிப்பீடு. 15,000 ஆண்டுகள் சேர்த்ததில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரு மனித ஆயுளுக்குள் கைவிட்டுப் போனது. உலகிலேயே வேகமான இனத்தோற்றம் அந்த ஏரியைக் காப்பாற்றவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். அங்கே புண்டமிலியா என்ற பேரினத்தில் இரண்டு நெருங்கிய இனங்கள் உண்டு. ஒன்றின் ஆண்மீன் நீலம். மேல்மட்டத் தண்ணீரில் திரியும். மற்றதன் ஆண் சிவப்பு. சற்று ஆழத்தில் இருக்கும். பெண்மீன்கள் நிறத்தைப் பார்த்துத்தான் துணையைத் தேர்ந்தெடுக்கின்றன. இரண்டும் இரண்டாக நிற்பதற்கு அந்தக் கண் பார்வையே வேலி. கரையோர வயல்களின் சத்தும் ஊர்க் கழிவும் ஏரியில் கலந்து, பாசி பெருகி, தண்ணீர் கலங்கியது. கலங்கிய தண்ணீரில் சிவப்பும் நீலமும் தெளிவாகத் தெரிவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் இரு இனங்களும் கலந்து, மங்கிய நிறத்து மீன்களாகிவிட்டதை ஓலே சீஹாசனும் அவருடைய சகாக்களும் 1997ல் வெளியிட்டார்கள். கொன்றவர் யாருமில்லை, ஆனால் ஓர் இனம் குறைந்துவிட்டது! விரைவாகத் தோன்றிய இனங்களுக்கு இடையே உள்ள வேலி எவ்வளவு மெல்லியது என்பதை எதிரணி யோசித்துப் பார்க்கட்டும்.

'இது மனிதன் செய்த கேடு, இதை இயற்கையின் கணக்கில் எழுதலாமா?' என்று அடுத்துவரும் நண்பர் எழுந்து கேட்பார். நியாயமான கேள்வி. அப்படியென்றால் மனிதன் கை படாத கணக்கையே பார்ப்போம்.

வெப்பமண்டலக் கடல்களில்தான் மீன் வகைகள் மிகுதி. துருவக் கடல்களில் சொற்பம். தோன்றும் வேகம்தான் வளத்தைத் தீர்மானிக்கிறது என்றால், வெப்பமண்டலத்தில் அல்லவா புதிய இனங்கள் விரைந்து தோன்ற வேண்டும்? 2018ல் டேனியல் ரபோஸ்கி குழுவினர் 30,000க்கும் மேற்பட்ட மீன் இனங்களின் வம்சாவளியை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். முடிவு தலைகீழாக இருந்தது. இனங்கள் சொற்பமாக உள்ள குளிர்க்கடல்களில்தான் தோன்றும் வேகம் அதிகம். வெப்பமண்டலத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கே அழிவு எவ்வளவு என்பதை உயிருள்ள மீன்களை மட்டும் வைத்து அளப்பது கடினம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்கக் கண்டங்களின் பறவைகளையும் பாலூட்டிகளையும் ஆராய்ந்த வியரும் ஷ்லூட்டரும் 2007லேயே இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள்: பூமத்தியரேகையை விட்டு விலக விலக, தோன்றும் வேகமும் கூடுகிறது, அழியும் வேகமும் கூடுகிறது. நிறையப் பிறந்து நிறைய மடிகின்றன. வரத்துக் கால்வாய் எத்தனை அகலமாக இருந்தாலும், கரை உடைந்த ஏரியில் தண்ணீர் நிற்குமா, நடுவர் அவர்களே?

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊதா நிறத் தவளை ஒன்று இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கறையானைத் தின்று கழித்துவிட்டு, மழைக்காலத்தில் இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் வெளியே வரும். எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசூட்டும் 2003ல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு நெருங்கிய உறவுத் தவளைகள் கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. 2017ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைச்சரிவிலிருந்து இரண்டாவது இனம் விவரிக்கப்பட்டது. அத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் நாம் அறிந்தவை இந்த இரண்டுதான். தோன்றும் வேகத்தை வைத்து மதிப்பெண் போட்டால் இந்தக் குடும்பம் தேறவே தேறாது. அழியாமல் நின்றது என்ற ஒரே காரணத்தால் அது இன்று நம்மோடு இருக்கிறது. இதை இழந்துவிட்டு, வேறு தவளைகளில் நூறு புதிய இனங்கள் தோன்றினாலும் இந்த வம்சம் திரும்பாது.

கடைசியாக ஒன்று. பேரழிவு வந்தாலும் இயற்கை மீண்டுவிடும், டைனோசார்கள் போன பின் பாலூட்டிகள் பல்கிப் பெருகவில்லையா என்று எதிரணித் தலைவர் கேட்டார். பெருகின. ஆனால் அந்த வாய்ப்பை யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுத்ததே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த அழிவுதான். மீள்வதற்கு ஆகும் காலத்தையும் அவர் சொல்லாமல் விட்டார். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில் கடல் இனங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. கடல் பழையபடி செழிக்க ஒரு கோடி ஆண்டுகள்வரை ஆகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அந்த ஒரு கோடி ஆண்டையும் தராசில் வைத்துத் தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.