கழுத்திடம் கேட்கும் கேள்வி

வணக்கம். கழுத்து வலியைப் பற்றி வானொலியில் பேச அழைத்ததற்கு நன்றி. 10 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்று தெரிந்த என் மனைவி, கடிகாரம் தெரிகிற பக்கமாக உட்காரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பார்ப்போம்.

சிட்னி சாலைகளில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிவப்பு விளக்கில் நிற்கிறீர்கள். பின்னால் வந்த கார் டம்மென்று இடிக்கிறது. பம்பர் கொஞ்சம் நசுங்கியிருக்கும், அவ்வளவுதான். இறங்கி நம்பர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். ராத்திரி கழுத்து லேசாக விறைக்கிறது. காலையில் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

இதற்கு விப்லாஷ் என்று பெயர். சவுக்கடி என்று அர்த்தம். பின்னாலிருந்து இடிக்கும்போது சீட் உங்கள் முதுகை முன்னே தள்ளுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட கழுத்து, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பாம்பு போல நெளிந்துவிடுகிறது. ஐயோ என்று சொல்லக்கூட நேரம் இல்லை. பலருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ சரியாகிவிடும். சிலருக்கு அது வருடக்கணக்கில் தங்கிவிடும். டாக்டராக நான் பார்ப்பது அந்தச் சிலரைத்தான்.

அப்படி வந்தவர்தான் ஓர் அக்கா. வயது ஐம்பதுக்கு மேல். மூன்று வருட வலி. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றிலும் எதுவும் தெரியவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய டாக்டர் ஒருவர், "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டாராம். ஒன்றும் இல்லை என்பது வேறு, ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு. இந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

ஏன் தெரியவில்லை? கழுத்தின் பின்பக்கம், நடுக்கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தசைக்குள் ஆழமாக, எலும்புக்கு எலும்பு சின்னச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன. முழங்கால் மூட்டு மாதிரிதான், ஆனால் பொடி அளவு. சவுக்கடியில் நசுங்குவது பெரும்பாலும் இவைதான். படம் போட்டுக் காட்டினால் ஒரு நொடியில் விளங்கும். வானொலியில் அந்த வசதி இல்லை, விடுங்கள். இந்த மூட்டு வலிக்கிறதா இல்லையா என்பது ஸ்கேனில் தெரியாது. வலி நிழற்படத்தில் விழாது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரில் பழைய வீடுகளில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ்கள் வரிசையாக இருக்குமே. எது எந்த அறைக்கு என்று ஒருவரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். எலெக்ட்ரீஷியன் வந்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, "அணைஞ்சிடுச்சாம்மா?" என்று வாசலிலிருந்து கத்துவார். உள்ளே இருந்து அம்மா, "இல்லப்பா, எரியுது" என்பார். அடுத்ததைப் பிடுங்குவார்.

நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி, நர்வ் பிளாக் என்கிறோமே, அது இந்த வேலைதான். பெரும்பாலும் ஒவ்வொரு மூட்டிலிருந்தும் வலியை எடுத்துப்போக நூல் மாதிரி இரண்டு நரம்புகள் உண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டையும் மரக்கவைக்க வேண்டும். இங்கே என் ஃபியூஸ் உவமை கொஞ்சம் இடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை எலும்பு வரை கொண்டுபோய், அரை மில்லிக்கும் குறைவாக மருந்து விடுவோம். பல் பிடுங்கும்போது போடுகிற அதே வகை மருந்து. கை கால் விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். இவை கைக்குப் போகிற நரம்புகள் இல்லை, அதனால் சரியான இடத்தில் போட்டால் கையின் பலம் போகாது.

இதில் எல்லோருக்கும் தவறிப்போகிற விஷயம் ஒன்று உண்டு. இந்த ஊசி வைத்தியம் கிடையாது. ஒரு கேள்வி. வலி இங்கிருந்துதான் வருகிறதா என்று கழுத்தைக் கேட்கிறோம். பதில் சொல்ல வேண்டியவர் உள்ளே இருக்கிற அம்மா, அதாவது நோயாளி. அதற்காக ஒரு தாள் கொடுப்போம். அரை மணிக்கு ஒரு தடவை வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். கூடவே என்ன வேலை செய்தீர்கள் என்றும் எழுத வேண்டும். எனக்கு ஸ்கேனைவிட அந்தத் தாள்தான் உயிர்.

அந்த அக்காவுக்குக் காலை 10.30க்கு ஊசி. கட்டிலில் ஏறும்போது வலி 7. மறுநாள் தாளோடு வந்தார். 11 மணிக்கு 1. 11.30க்கு 2. 12 மணிக்கு 2, பக்கத்தில் "குனிந்து அரிசி களைந்தேன்". 12.30க்கு 2, "தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு நாயைப் பார்த்தேன்". 1.30க்கு 5. 2 மணிக்கு மறுபடியும் 7.

தாளை விளக்குக்கு நேரே பிடித்தேன். அந்த 2 எல்லாவற்றுக்கும் அடியில் ரப்பரால் அழித்த தடம். பென்சிலில் எழுதியிருக்கிறார். அழித்திருந்த எண் பூஜ்யம்.

"என்னக்கா இது?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "பூஜ்யம்னு எழுதினா, பார்த்தியா நீ நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிடுவாங்க தம்பி."

மூன்று வருடம் ஒருவரும் நம்பவில்லை என்றால், வலி போன இரண்டு மணி நேரத்தைக்கூட மறைத்து வைக்கத் தோன்றும். அவருக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. "போட்ட ஊசி மத்தியானத்துக்குள்ள தீர்ந்துபோச்சே." எனக்கோ அப்படித் தீர்ந்துபோனதில்தான் சந்தோஷம். மருந்து எவ்வளவு நேரம் வேலை செய்யுமோ அவ்வளவு நேரம் மட்டும் வலி போயிருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்கினால் விளக்கு அணைந்தது, மாட்டினால் எரிந்தது.

ஆனால் ஒரு தடவை போதாது. எலெக்ட்ரீஷியன் ஃபியூஸைப் பிடுங்கிய அதே நேரத்தில் தெருவில் கரண்ட் போயிருந்தால்? உள்ளே இருக்கிறவர் "அணைஞ்சிடுச்சு" என்பார், பொய் சொல்லவும் இல்லை. ஊசியிலும் இது நடக்கிறது. சிட்னியிலிருந்து வடக்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் நியூகாசில் இருக்கிறது. அங்கே நிக்கோலாய் போக்டக் என்ற உடற்கூறு நிபுணரும், லெஸ்லி பார்ன்ஸ்லி, சூசன் லார்ட் ஆகியோரும் 1990களில் இதைச் சோதித்தார்கள். ஒரே ஊசியை நம்பினால் நூற்றுக்கு 27 தடவை ஏமாந்துபோவோம் என்று கண்டார்கள். அதனால் இரண்டு தடவை, இரண்டு வெவ்வேறு மருந்து. ஒன்று லிக்னோகெய்ன், சீக்கிரம் தீரும். மற்றது பியூபிவகெய்ன், நீண்ட நேரம் நிற்கும். எது எப்போது என்று நோயாளிக்குச் சொல்வதில்லை. நீண்ட மருந்துக்கு நீண்ட நிம்மதி, குறுகிய மருந்துக்குக் குறுகிய நிம்மதி என்று பதில் வந்தால் நம்பலாம். இப்படி இரட்டைச் சோதனை வைத்து, வருடக்கணக்கில் விப்லாஷ் வலியோடு இருந்த 50 பேரைப் பார்த்தார்கள். 54 சதவீதம் பேருக்கு வலி இந்தப் பொடி மூட்டுகளிலிருந்துதான். 1995இல் வந்த முடிவு. பாதிக்கு மேல்!

அக்காவுக்கு இரண்டாவது ஊசியில் சாயங்காலம் 5 மணி வரை வலி இல்லை. "3.30, தலை பின்னிக்கொண்டேன்" என்று எழுதியிருந்தார். எண் 0. அழிக்கவில்லை. "இந்தத் தடவை போட்டதுதான் நல்ல மருந்து, அதையே போடுங்க தம்பி" என்றார். எப்படி விளக்குவது, சொல்லுங்கள்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிடம்தானாம். வைத்தியத்துக்கு இன்னும் வரவே இல்லை நான்.

மூட்டுக்குள்ளேயே வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைப் போட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். அதே குழு 41 பேரிடம் பார்த்தது. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குப் பாதி வலி திரும்பி வர 3 நாள், வெறும் மரக்கும் மருந்துக்கு 3.5 நாள். அவ்வளவுதான் வித்தியாசம். நீடித்து நிற்கிற வைத்தியம் வேறு: பதில் உறுதியான பிறகு, அந்த நூல் நரம்பை ரேடியோ அலை வெப்பத்தால், 80 டிகிரியில், சுட்டுவிடுவது. 1996இல் 24 பேரிடம் சோதித்தார்கள். 12 பேருக்கு நிஜமாகச் சுட்டார்கள், 12 பேருக்கு ஊசியை வைத்துச் சூடாக்காமல் எடுத்துவிட்டார்கள். பாதி வலி திரும்பி வர, சுடாதவர்களுக்கு 8 நாள், சுட்டவர்களுக்கு 263 நாள், இடைநிலைக் கணக்கில், அதாவது வரிசையில் நடுவில் நிற்கிறவரின் கணக்கில். நரம்பு மறுபடி முளைக்கும், வலியும் வரும், மறுபடி சுடலாம். அக்காவுக்கு இதுவரை இரண்டு தடவை ஆயிற்று. காரை ரிவர்ஸ் எடுக்கிறார்.

விபத்து நடந்த முதல் வாரங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், அது பையிலேயே இருக்கட்டும். ஒரு வரி மட்டும்: கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு இருக்காதீர்கள், முடிந்தவரை அசையுங்கள். கை மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ அது வேறு கதை, உடனே டாக்டரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட அன்று கார் ஓட்டாதீர்கள், யாரையாவது கூட்டி வாருங்கள். தாளை அரை மணிக்கு ஒரு தடவை நிரப்புங்கள், ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து நிரப்பாதீர்கள்.

அப்புறம், பேனாவில் எழுதுங்கள். வணக்கம்.