தீர்ப்பு சொல்லியே தீருவோம் என்ற இரண்டு நீதிபதிகள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரைப் பற்றிப் பேசப் போகிறேன். 1923-இல் சியால்கோட்டில் பிறந்தவர். பிரிவினையில் ஊரை விட்டு வந்து டெல்லியில் ஓர் உருதுப் பத்திரிகையில் சேர்ந்தார். அப்புறம் லால் பகதூர் சாஸ்திரியின் செய்தி அதிகாரி, யு.என்.ஐ. செய்தி நிறுவனம், ஸ்டேட்ஸ்மேன், இந்தியன் எக்ஸ்பிரஸ் என்று நீண்ட பயணம். பிற்காலத்தில் லண்டனில் இந்தியத் தூதர், மாநிலங்களவை உறுப்பினர். அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது 1975.

ஜூன் 25 இரவு எமர்ஜென்சி, அதாவது அவசரநிலை. பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் கரண்டையே நிறுத்தினார்கள். தணிக்கை வந்தது. நய்யார் டெல்லி பிரஸ் கிளப்பில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, தணிக்கையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார். ஜூலையில் அவரை, விசாரணை இல்லாமலே அடைத்துவைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் பிடித்து திகார் சிறையில் அடைத்தார்கள். மிசா என்றால் என்ன என்று நம் ஊர் அரசியல் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏன் பிடித்தோம் என்று காரணம்கூடச் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

இங்கேதான் அவர் மனைவி பாரதி வருகிறார். டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அடைத்து வைத்த ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு அது. விசாரித்தவர்கள் நீதிபதிகள் ரங்கராஜன், அகர்வால். வழக்கு தோற்கும்போல் தெரிந்ததும் அரசு தீர்ப்புக்கு முன்பே நய்யாரை வெளியே விட்டது. "ஆள்தான் வந்துவிட்டாரே, இனி மனு எதற்கு?" என்பதுதான் அரசின் வாதம். நீதிபதிகள் விடவில்லை. செப்டம்பரில், காவலில் வைத்தது செல்லாது என்று தீர்ப்பைச் சொல்லியே தீர்த்தார்கள். விளைவு? ரங்கராஜனை குவாஹாட்டிக்கு மாற்றினார்கள். அகர்வாலை மறுபடி செஷன்ஸ் நீதிபதியாக இறக்கிவிட்டார்கள்.

நய்யாரைக் கொண்டாடுகிற நாம் இந்த இரண்டு பேரை ஏன் பேசுவதே இல்லை? எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. அடுத்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே ஜபல்பூர் வழக்கில், அவசரநிலையில் இப்படி மனுப் போடவே உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான்.

சிறைக்குப் போய்வந்த நய்யார் பேனாவை மூடி வைக்கவில்லை. 1977 ஜனவரியில், எமர்ஜென்சி இன்னும் விலகாதபோதே, தேர்தல் வரப்போகிறது என்று எக்ஸ்பிரஸில் முந்திக்கொண்டு எழுதினார். அதே மாதம் இந்திரா காந்தி வானொலியில் தேர்தலை அறிவித்தார்.