இரண்டாவது சாலை எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

காட்டுத்தீ பரவும் மலைச்சரிவில் வீட்டுத் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவது தேவையான நிதானமா, வீண் முட்டுக்கட்டையா? இதுதான் தலைப்பு. நிதானமே என்பது எங்கள் கட்சி.

முன்னால் பேசிய நண்பர் மூன்று காரணம் அடுக்கினார். வீட்டுக்குப் பஞ்சம், புதிய வீடு தீயைத் தாங்கும், வழக்குப் போடுகிறவர்கள் தங்கள் ஜன்னல் காட்சி கெடுமே என்றுதான் போடுகிறார்கள். மூன்றாவது பாதி உண்மை, அப்படிப்பட்ட ஆட்களும் உண்டு. ஆனால் வழக்குப் போட்டவர் யோக்கியரா என்பது வேறு, அவர் கேட்ட கேள்வி சரியா என்பது வேறு.

தீயைத் தாங்கும் வீடு வெறும் விளம்பரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். காட்டுத்தீயில் வீட்டைப் பிடிப்பது பெரும்பாலும் பறந்து வரும் தீப்பொறி. கூரைக்கு அடியில் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாகப் பரணுக்குள் நுழையும். இல்லையென்றால் மழைநீர்த் தகரத்தில் கிடக்கும் சருகில் விழும். அதனால்தான் துவாரத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத உலோக வலை, எரியாத கூரை, இரட்டைக் கண்ணாடி என்று கேட்கிறார்கள். கலிபோர்னியாவில் தீ அபாயப் பகுதிகளுக்கு 2008 முதல் இத்தகைய கட்டட விதி உண்டு.

2018 நவம்பரில் அங்கே பாரடைஸ் நகரம் எரிந்தது. 2008-க்குப் பின் கட்டிய வீடுகளில் 51 சதவீதம் சேதமின்றித் தப்பின, பழையவற்றில் 18 சதவீதம்தான் என்று பத்திரிகை ஆய்வொன்று கணக்கிட்டது. நண்பருக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்தது இந்த முதல் எண்தான். அதே எண்ணைத் திருப்பிப் படியுங்கள்: விதிப்படி கட்டியும் ஏறக்குறைய பாதி தப்பவில்லை. அதுவும் கட்டிய பத்தே ஆண்டுக்குள்! வலை துருப்பிடித்து, சுவரோரம் மரவேலியும் விறகும் சேர்ந்த பிறகு என்ன ஆகும்?

வீட்டையாவது திருத்தலாம். சாலையை? பாரடைஸில் சுமார் 26,000 பேர். காலை ஆறரை மணியளவில் பற்றிய தீ எட்டு மணிக்கெல்லாம் ஊரைத் தொட்டுவிட்டது. முக்கியச் சாலையான ஸ்கைவேயை நகர மையத்தில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் நான்கு தடத்திலிருந்து இரண்டாகச் சுருக்கியிருந்தார்கள். அந்தத் தீயில் மொத்தம் 85 பேர் இறந்தார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 1,000 வீடு, வீட்டுக்கு இரண்டு கார். வெளியேற ஒரே தடம். புகையில், வளைவில், ஐந்து நொடிக்கு ஒரு கார் என்று தாராளமாகவே வைத்தாலும் மணிக்கு 720. கடைசிக் கார் கீழே இறங்க ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம். நடுவில் ஒரு கார் நின்றால் இந்தக் கணக்கும் போச்சு.

தீயோ மேல்நோக்கி ஓடுவது. சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு என்பது தீயணைப்பாளர்களின் கைக்கணக்கு. சுவாலை மேலே இருக்கும் புதரை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. காட்சிக்காக அதிக விலைக்குப் போகும் முகட்டு மனைதான் அந்த ஓட்டம் போய் முடியும் இடம்.

தண்ணீர் இருக்கிறதே என்பார்கள். லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸில் 2025 ஜனவரி 7 காலை தீ பற்றியது. மேட்டுப் பகுதிக்கு நீர் தரும், தலா சுமார் 10 லட்சம் கேலன் கொள்ளளவுள்ள மூன்று தொட்டிகளும் மறுநாள் விடியும் முன் காலி. கீழே குழாய்களில் அத்தனை நீரும் இழுக்கப்பட்டதால் மேலே ஏற்ற அழுத்தம் இல்லை. 11 கோடி கேலனுக்கு மேல் கொள்ளும் நீர்த்தேக்கம் ஒன்று பழுதுபார்ப்புக்காக வறண்டு கிடந்தது.

வீட்டுப் பஞ்சத்துக்கு வருகிறேன். காட்சி மனை ஏழைக்கா போகிறது? சில பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் கலிபோர்னியாவில் 2022, 2023-இல் புதிய வீட்டுப் பாலிசி கொடுப்பதையே நிறுத்தின. பாலிசி இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் கொடுக்காது. கடன் வாங்கித்தான் வீடு வாங்க முடியும் என்பவருக்கு அது எட்டாது.

தாமதத்தில் குறையே இல்லை என்று சாதிக்க மாட்டேன். கேள்விகளைத் தவணை முறையில் கேட்டு இழுக்கும் அலுவலகங்கள் எனக்கும் எரிச்சல்தான். எல்லாவற்றையும் முதல் நாளே கேட்கட்டும். அதற்காகக் கேள்வியையே விட்டுவிடலாமா? 2022-இல் கலிபோர்னியாவின் லேக் கவுண்டி நீதிமன்றம், 16,000 ஏக்கரில் வீடுகளும் சொகுசு விடுதிகளும் கட்டவிருந்த கெனாக் வேலி திட்டத்தின் ஒப்புதலை நிறுத்தியது எதற்காக? புதிதாக வருபவர்களால், ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்கள் தப்பியோடும் வழி என்ன ஆகும் என்பதைச் சரியாக ஆராயவில்லை என்பதற்காக.

எனவே எதிரணிக்கு என் கேள்வி. நீங்கள் ஆதரிக்கும் திட்டங்களின் வரைபடத்தில், தப்பிக்க வேண்டிய இரண்டாவது சாலை வெறும் புள்ளிக்கோடாக இருக்கிறது. அது தார்ச்சாலை ஆவது முதல் வீட்டுக்குச் சாவி கொடுப்பதற்கு முன்னாலா, கடைசி மனை விற்ற பிறகா? மின்சாரம் போனால் நீரேற்றும் மோட்டாரை ஓட்ட ஜெனரேட்டர் யார் பொறுப்பு? கட்டுநர் போன பின் ஆண்டுதோறும் புதர் வெட்டும் செலவு யார் கணக்கில்? அடுத்து வரும் நண்பர் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.