மாத்திரை காபி கேட்காதாம்!

(கும்பகோணத்தில் ஓர் ஆடித் திருவிழாப் பட்டிமன்றம். தலைப்பு: 'சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு கடும் மசக்கையில் படுத்தவளுக்குப் பெரிதும் கைகொடுப்பது மாத்திரையா, மனிதர்களா?' 'மனிதர்களே' அணியின் இரண்டாவது பேச்சாளர் பேசியது.)

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், தேரடி வரைக்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம். அதில் இரண்டு நிமிடத்தை நடுவர் ஐயா என்னை அறிமுகம் செய்வதாகச் சொல்லி எடுத்துக்கொண்டார். அதை என் கணக்கில் கழிக்கக் கூடாது.

எனக்கு முன்னால் பேசிய வங்கி அதிகாரி ஐயா என்ன சொன்னார்? "மாத்திரை வீட்டுக்கு வந்தால் காபி கேட்காது. நாலு நாள் தங்காது. ஊருக்குக் கிளம்பும்போது சேலை எடுத்துக் கொடு என்று கேட்காது. உதவிக்கு மனிதர்களைக் கூப்பிட்டால், மசக்கைக்காரி எழுந்து போய் அவர்களுக்குச் சமைத்துப் போட வேண்டியதுதான்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தப் பந்தல் கால் பக்கத்திலிருந்து விசில் வேறு. கவனித்தேன். விசில் அடித்தது எல்லாம் ஆம்பளைகள். ஐயா இவ்வளவு அனுபவத்தோடு பேசுகிறாரே, இப்போது எத்தனாவது மாதம் என்று கேட்கலாம் என்று பார்த்தேன். பெரியவர். விட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்தக் காபியை விட மாட்டேன். அதற்கு வருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பல் தேய்க்கும்போது இரண்டு தரம் ஓங்கரித்துவிட்டு, மாங்காயை உப்பு தொட்டுக் கடிக்கிற மசக்கையைப் பற்றி இங்கே பேச்சு இல்லை. அந்தக் குமட்டல் பத்தில் ஏழு பேருக்கு உண்டு. நாம் பேசுவது நூற்றில் ஒன்றிரண்டு பேரைப் பிடித்து ஆட்டுகிற மசக்கையைப் பற்றி. டாக்டர்கள் அதை ஹைப்பரெமெசிஸ் என்பார்கள். குடித்த தண்ணீர் தங்காது. கர்ப்பத்துக்கு முன்னால் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இறங்கிப்போகும். சாப்பாடு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே கரைக்கிறது என்று காட்டுகிற கீட்டோன் சிறுநீரில் வரும். இதைப் பார்த்துவிட்டும் "எல்லாம் மனசுதான், எழுந்து நாலு வேலை பார்த்தால் சரியாகிவிடும்" என்று சொல்கிற சித்தப்பா ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். சித்தப்பாவுக்காகச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் ஆராய்ச்சி வெளிவந்துவிட்டது. கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கிற ஜிடிஎஃப்15 என்கிற ஹார்மோன்தான் இந்தக் குமட்டலுக்குப் பெரிய காரணம். கர்ப்பத்துக்கு முன்னால் அந்த ஹார்மோன் யார் உடம்பில் குறைவாக இருந்ததோ, அவர்களுக்குத்தான் அது திடீரென்று ஏறும்போது பாடு அதிகம். மனசும் இல்லை, நடிப்பும் இல்லை.

சரி, மாத்திரை. எனக்கும் எழுதிக் கொடுத்தார்கள். டாக்சிலமின், பைரிடாக்சின் சேர்ந்த மாத்திரை. மரியாதையாக விழுங்கினேன். அது என் வயிற்றில் இருந்த நேரத்தைவிட வாஷ்பேசினில் இருந்த நேரம் அதிகம். பிறகு ஊசி, அப்புறம் டிரிப். டிரிப் ஏறியதும் உயிர் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கறுத்துப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் பட்டிமன்றம் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆனால் டிரிப் ஓடுகிற நேரமெல்லாம் என் மகன் எங்கே இருந்தான்? மூன்று வயசுகூட முடியாத பிள்ளை. அவனுக்கு ஒன்றுக்கு வந்தால் பாட்டில் இறங்கி வந்தா கூட்டிப் போகும்?

அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சமாளித்தேன் தெரியுமா? கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டேன். அவன் என் மேலேயே கார் ஓட்டிக்கொள்வான். அறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு தட்டில் பொரியும் வாழைப்பழமும். நான் குளியலறைக்கு ஓடினால் பின்னாலேயே வருவான். நான் குனிந்ததும், பெரியவர்கள் செய்ததைப் பார்த்துவைத்திருந்து, அந்தச் சின்னக் கையால் முதுகில் தட்டுவான். தட்டிக்கொண்டே கேட்பான்: "முடிஞ்சிருச்சாம்மா, இன்னும் இருக்கா?" டவுன்பஸ் கண்டக்டர் மாதிரி. கொஞ்ச நாளில் அவன் பொம்மைக்கும் வாந்தி வந்துவிட்டது. கரடியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது காபிக்கு வருகிறேன் ஐயா.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஓர் அத்தை. நாகப்பட்டினத்திலிருந்து வந்தார். தகவல் சொல்லிவிட்டு வருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது, ஆனால் அன்றைக்கு முன்தகவல் வந்தது. தெருமுனையிலிருந்தே வந்தது. அது மூக்கு வழியாக வந்த தகவல். அத்தை கையில் தூக்குவாளி. வாளிக்குள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு! ஆடி மாதம், கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றுகிற ஊரில் நின்று பேசுகிறேன். ஆத்தா கோவித்துக்கொள்ள மாட்டாள். எனக்கும் அது உயிர்தான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோப்பு வாசனை ஆகாது, குக்கர் விசில் ஆகாது, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் ஆகாது. கட்டிய புருஷன் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் ஆகாமல், அவரைத் திண்ணையிலேயே நிறுத்தி, எதுவானாலும் ஜன்னல் வழியாகப் பேசச் சொல்லியிருந்தேன்.

அத்தை வாசல்படி ஏறுகிறார். நான் குளியலறைக்கு ஓடுகிறேன். என் மகன் குடும்பத் தலைவனாக வாசலுக்குப் போய் வரவேற்கிறான்: "வாங்க பாட்டி, அம்மா வாந்தி எடுக்குது, உட்காருங்க."

அத்தை வந்து என்னைப் பார்த்தார். எலும்பும் தோலுமாக இருக்கிறேன். அவர் என்ன நினைத்திருக்க வேண்டும்? வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்க வேண்டும் அல்லவா? அவர் சொன்னது என்ன தெரியுமா? "அடிப் பாவி மகளே, ஆசைப்பட்டது கிடைக்காம ஏங்கிப் போயிட்டியேடி!" சொல்லிவிட்டு மூடியைத் திறந்தார்.

பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தரம் சொல்கிறேன். மூடியைத் திறந்தார்! திறந்து, பக்கத்தில் கொண்டுவந்து, மோப்பம் பிடிக்கச் சொன்னார். நடுவர் ஐயா, ஏற்கெனவே உள்ளே ஒன்றும் இல்லை. போன தீபாவளிக்குச் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது.

வங்கி ஐயா சிரிக்கிறார். "பார்த்தீர்களா, மனிதர்கள் வந்தால் இதுதான் கதி" என்று குறிப்பு எழுதுகிறார். எழுதுங்கள் ஐயா, கதை இன்னும் முடியவில்லை.

குழம்பு பக்கத்து வீட்டுக்குப் போனது. அந்த அக்கா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் என் மகளை விசாரிப்பதற்கு முன்னால், "அத்தை மறுபடி எப்ப வருவாங்க?" என்றுதான் கேட்கிறார். அத்தை சேலையை இழுத்துச் செருகினார். என் மகனைக் கொல்லைப்புறம் தூக்கிப்போய்க் குளிப்பாட்டினார். பக்கத்து வீட்டிலேயே உட்கார்ந்து, கருவாட்டை நசுக்கி முள் பார்த்துப் பிசைந்து ஊட்டினார். அந்தப் பயலுக்கு வாரக்கணக்கில் பொரியும் பழமும்தான் உணவு. அன்றைக்குத் தின்றான் பாருங்கள்! அவன் வாயைத் துடைத்து, தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்துவிட்டு என்னிடம் வந்து, "நீ கண்ணை மூடு, அவன் எந்திரிச்சா நான் பார்த்துக்கிறேன்" என்றார். நான் தூங்கினேன். பிள்ளை கதவைத் திறந்துவிடுவானோ, பிளக் ஓட்டையில் கம்பியை விடுவானோ என்ற பயம் இல்லாமல், இருட்டுகிற வரைக்கும் தூங்கினேன். எழுந்ததும் அத்தை ஆறிப்போன தயிர் சாதத்தில் ஒரு நார்த்தங்காய்த் துண்டு வைத்து, ஒரு ஸ்பூன் கொடுத்தார். ஆறின சோற்றுக்கு வாசனை இல்லை என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தார். அந்த ஸ்பூன் தங்கியது.

காபி? கேட்டார் ஐயா, கேட்டார். கும்பகோணத்தில் நின்றுகொண்டு சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு அப்போது டிகிரி காபி வாசனையும் ஆகாது. அதைத் தெரிந்துகொண்டு, இருந்தவரைக்கும் டம்ளரை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். சேலை எடுத்துக் கொடுத்தேனா? கொடுத்தேன். பட்டுச் சேலை. மாத்திரை கேட்டிருந்தால் அதற்கும் கொடுத்திருப்பேன். அதுதான் பிள்ளையைக் குளிப்பாட்டவில்லையே!

அரண்மனைக்கே வாருங்கள். 2017 செப்டம்பர், இங்கிலாந்தில் குட்டி இளவரசர் ஜார்ஜுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். அவன் அம்மா கேட் மூன்றாவது பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு இதே மசக்கையில் படுத்துவிட்டார். முதல் கர்ப்பத்தில், 2012 டிசம்பரில், ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். அந்த வீட்டில் இல்லாத மாத்திரையா, வராத டாக்டரா? ஆனால் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசலில் விட்டது யார்? அவன் அப்பா.

அவ்வளவு தூரம் போவானேன். பாபநாசம் பக்கத்தில் திருக்கருகாவூர் இருக்கிறது. அந்தத் தலத்துக் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். வேதிகை கர்ப்பமாக, முடியாமல் படுத்திருக்கிறாள். நித்துருவர் வெளியே போயிருக்கிறார். வீட்டில் வேறு ஆள் இல்லை. ஊர்த்துவபாத முனிவர் வாசலில் வந்து பிச்சை கேட்கிறார். அவளால் எழ முடியவில்லை. அவர் சாபம் கொடுத்தார். கரு கலைந்தது. அம்பாள் வந்து அந்தக் கருவைக் குடத்துக்குள் வைத்துக் காத்தாள். வங்கி ஐயா பயப்படுகிற விருந்தாளி இருக்கிறாரே, அவர் அந்த முனிவர். அவர் வேண்டாம், நானும் ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் கேட்பது அம்பாளை. திருச்சிப் பக்கத்துப் பெண் நான், தாயாக வந்து பிரசவம் பார்த்த தாயுமானவரைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கினால் ஊருக்குள் விட மாட்டார்கள். சொல்லிவிட்டேன், மேலே போகிறேன்.

சட்டத்தைக்கூட எதிரணி இழுத்தது. 26 வாரம் மகப்பேறு விடுப்பு இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது. அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம். வாந்தி ஆரம்பிப்பதோ ஆறாவது வாரத்தில். கர்ப்பத்தால் வருகிற நோய்க்கென்று தனியாக ஒரு மாத விடுப்பும் அதே சட்டத்தில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். பல ஆபீஸில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

முதல் மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்மாவுக்கும் இதே மசக்கை. கடைசித் தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மா தரையோடு தரையாகக் கிடந்தார்களாம். அத்தை வரவில்லை. பாட்டி இல்லை. அப்பா விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். எனக்கு மூன்று வயசு, எனக்கு மேலே ஓர் அண்ணன். எங்களைக் குளிப்பாட்டி, சோறு பொங்கி, அம்மா வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவி வைத்தது எங்கள் பெரியக்கா. ஐந்தாம் வகுப்பு. அடுப்பு எட்டாது என்று செங்கல் போட்டு ஏறி நின்று கஞ்சி வடித்தது. ஒருநாள் கை தவறிக் கொதிக்கிற கஞ்சி மணிக்கட்டில் ஊற்றிவிட்டது. எங்களைப் பயமுறுத்தக் கூடாது என்று கத்தாமல், தவிட்டுப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுததாம். அரையாண்டுப் பரீட்சைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. நான் எம்.ஏ. படித்தேன். மைக் முன்னால் நிற்கிறேன். அக்கா கையெழுத்துப் போடும், அவ்வளவுதான்.

மனிதர்களே, மனிதர்களே என்று இவ்வளவு நேரம் கத்தினேன். அந்த மனிதர் பத்து வயசுப் பிள்ளையாக இருந்துவிட்டதே ஐயா! இது எங்கள் அணிக்குப் பலமா, எதிரணிக்குப் பலமா, எனக்குத் தெரியவில்லை. மார்க்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். விசில் அடித்த தம்பிகளே, உங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒருத்தி அப்படிப் படுத்தால், அவளுடைய மூத்த பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்ட உங்களுக்குத் தெரியுமா?

இரண்டாவது மணி. அக்கா வந்திருக்கிறது. மூன்றாவது வரிசை, பச்சைச் சேலை. வளையலைத் தள்ளித் தள்ளித் தழும்பை மறைத்துக்கொண்டிருக்கிறது. நடுவர் ஐயா, தீர்ப்புச் சொல்லும்போது அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.